யாராவது ஊதினீங்களா?



ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுப்பா என்று நம் பேரவைச் செயலாளர் அண்ணன் கேட்டபோது, "கவிதைதானே?" என்றார். போன வருட மலரைப் புரட்டிப் பார்த்தேன். நட்பைப் பற்றி ஒன்பது கவிதை, அம்மாவைப் பற்றி ஏழு, நிலாவைப் பற்றி நாலு. நிலாவுக்கு ஆள் இருக்கிறது, கிணற்றுக்குத்தான் ஆள் இல்லை என்று தோன்றியது. அதனால் நான் கிணற்றைப் பற்றி எழுதுகிறேன். படித்துவிட்டு என்னைத் திட்டுகிறவர்கள் திட்டலாம், ஆனால் கடைசி வரை படித்துவிட்டுத் திட்டுங்கள்.

எனக்கு ஊர் கான்சாபுரம். வத்திராயிருப்புப் பக்கம். மேற்கே பார்த்தால் மலை, மலையடிவாரத்தில் பிளவக்கல் அணை, இந்தப் பக்கம் தென்னந்தோப்பும் நெல் வயலும். தோட்டத்துக்குத் தோட்டம் கிணறு. எங்க அப்பா அடுத்தவர் தோட்டத்தில் தண்ணி பாய்ச்சுகிறவர். அம்மா நாற்று நட, களை எடுக்கப் போவார். மாமா ஒருத்தர் சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணித் தறி ஓட்டுகிறார். எங்கள் வம்சத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டி ஒரு படிப்புக்கு அப்ளிகேஷன் போட்ட முதல் ஆள் நான்தான். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. பின்னால் வருகிற விஷயத்துக்கு இது வேண்டும்.

நான் நீச்சல் பழகியது அஞ்சு லிட்டர் எண்ணெய் கேனை முதுகில் கட்டிக்கொண்டு. அப்பா காலத்தில் சுரைக்குடுக்கை. கேனோ குடுக்கையோ, எங்கள் ஊர்ப் பையன்களுக்குக் கிணறு ஒரு பயமான பொருள் இல்லை. வெயில் காலத்தில் அதுதான் எங்களுக்கு ஊட்டி, கொடைக்கானல் எல்லாம். ஆனால் டவுனில் இருந்து லீவுக்கு வருகிற பிள்ளைகளுக்கு அப்படியில்லை.

பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்த அந்தக் கோடையில் என் சித்தி மகன் லீவுக்கு வந்திருந்தான். பன்னிரண்டு வயது. பெயர் வேண்டாம். சித்தி இந்த மலரைப் படிக்க மாட்டார், ஆனாலும் வேண்டாம். நாங்கள் குளிக்கிறதைக் கிணற்றுப் படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பான். அன்றைக்கு நான் மேலே ஏறி மோட்டார் ரூமுக்குப் பின்னால் துணியைப் பிழிந்துகொண்டிருந்தேன். பாசி பிடித்த கடைசிப் படியில் அவன் கால் வைத்திருக்கிறான். சத்தமே இல்லை. சினிமாவில் காட்டுகிற மாதிரி கையை ஆட்டிக் "காப்பாத்துங்க" என்று கத்துவதெல்லாம் நிஜத்தில் அநேகமாக நடப்பதில்லை. மூச்சுக்கே திண்டாடுகிறவனுக்குக் கத்த மூச்சு ஏது? கூட இருந்த சின்னப் பையன் "அண்ணே, அவனக் காணோம்ணே" என்று வந்து சொன்னபோதுதான் எனக்குத் தெரியும்.

நான் இரண்டு முறை முங்கினேன், சிக்கவில்லை. பக்கத்துத் தோட்டத்து மாமா ஓடி வந்து குதித்துத் தூக்கினார். தண்ணிக்குள் எவ்வளவு நேரம் கிடந்தான் என்று பிறகு பல ராத்திரி கணக்குப் போட்டிருக்கிறேன். அஞ்சு நிமிஷம் இருக்கலாம், கூடவும் இருக்கலாம். மேலே கொண்டு வந்து போட்டதும் கூட்டம் கூடிவிட்டது. ஒருத்தர் காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கினார். ஒருத்தர் வயிற்றை அமுக்கினார். தண்ணி வந்தது, "வருது வருது, இன்னும் அமுக்கு" என்றார்கள். பிறகு தோளில் கவிழ்த்துப் போட்டுக்கொண்டு வரப்பைச் சுற்றி ஓடினார்கள். அவன் வாயில் நுரை. நடுவில் இரண்டு தடவை 'ஹக்' என்று மூச்சு இழுத்தான். "உசிரு இருக்கு!" என்று பெண்கள் சாமியைக் கும்பிட்டார்கள்.

அந்த நேரத்தில் ஒரு பாட்டி என் கையைப் பிடித்து உலுக்கிக் கேட்டது: "ஏய்யா, நீ படிக்கிற பயதானே? பள்ளிக்கூடத்துல சொல்லிக் குடுத்திருப்பாகளே, என்ன செய்யணும்னு சொல்லுய்யா."

பத்து வருஷம் படித்தவன். அசோகர் மரம் நட்டது தெரியும். தண்ணீரின் வேதியியல் குறியீடு தெரியும். தண்ணீரில் மூழ்கியவனை என்ன செய்ய வேண்டும் என்று தெரியாது. பார்த்துக்கிட்டு நின்னேன், நண்பர்களே. அவ்வளவுதான் நான் செய்தது.

பைக்கில் நடுவில் உட்கார வைத்து ரோட்டுக்கு, அங்கிருந்து ஆட்டோ. ஆஸ்பத்திரியில் டாக்டர் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு எங்களைத் திரும்பிப் பார்த்து, கோபமில்லாமல், சலிப்பாகக் கேட்டார்: "தூக்கினதும் யாராவது வாய் வச்சு ஊதினீங்களா?"

யாரும் ஊதவில்லை.

ஊதியிருந்தால் பிழைத்திருப்பானா? தெரியாது, எந்த டாக்டராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் அந்தக் கேள்விக்கு "ஆமா" என்று சொல்ல முடியாமல் நின்ற ஒன்பது பேரில் நானும் ஒருத்தன். அதற்கு அடுத்த வாரம்தான் நம் பாலிடெக்னிக்கின் அப்ளிகேஷனை நிரப்பினேன்.

இரண்டாம் ஆண்டில் ஒரு நாட்டு நலப்பணித் திட்ட முகாம். 108 ஆம்புலன்ஸில் வேலை பார்க்கிற டெக்னீஷியன் அண்ணன் ஒருத்தர் இடுப்பு வரைக்கும் மட்டும் இருக்கிற ஒரு ரப்பர் பொம்மையைக் கொண்டு வந்தார். நாங்கள் நூறு பேருக்கு மேல். பொம்மை ஒன்று. தொட்டுச் செய்து பார்த்தவர்கள் ஏழெட்டுப் பேர்தான், மற்றவர்கள் செல்போனில் படம் எடுத்தார்கள். நான் இடித்துத் தள்ளிக்கொண்டு முன்னால் போனேன். சரியாக அமுக்கினால் பொம்மைக்குள் 'டிக்' என்று சத்தம் வரும். எனக்கு முதலில் வரவில்லை. "பயப்படாம அமுக்கு தம்பி, இன்னும் ஆழமா" என்றார். நான் நினைத்ததைவிட ரொம்பப் பலமாக அமுக்க வேண்டியிருந்தது.

முடிந்ததும் அவரைத் தனியாகப் பிடித்து எங்கள் கிணற்றைப் பற்றிக் கேட்டேன். அவர் சொன்னதில் இருந்து தொடங்கி, நூலகத்திலும் வேறு இடங்களிலும் தேடிப் படித்ததை வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

முகாம்களில் பொதுவாக என்ன சொல்லித் தருகிறார்கள்? ஒருத்தர் மயங்கி விழுந்து மூச்சில்லாமல் கிடந்தால் நெஞ்சின் நடுவில் இரண்டு கையையும் வைத்து வேகமாக அமுக்கிக்கொண்டே இரு, வாயில் ஊதத் தேவையில்லை என்கிறார்கள். திடீர் மாரடைப்புக்கு அது சரிதான். மூழ்கியவருக்கு அது மட்டும் போதாது. ஏன் என்பது மெக்கானிக்கல் படிக்கிறவனுக்குப் புரிய வேண்டும். மாரடைப்பில் திடீரென்று பம்பு நின்றுவிட்டது, தொட்டியில் தண்ணி இருக்கிறது. ரத்தத்தில் ஆக்சிஜன் மிச்சம் இருப்பதால் கையால் பம்பை ஓட்டினால் கொஞ்ச நேரம் மூளைக்குப் போய்ச் சேரும். மூழ்கியவனுக்கு முதலில் வற்றியது தொட்டி. காற்று இல்லாமல் ரத்தத்தில் ஆக்சிஜன் தீர்ந்து, அதனால்தான் கடைசியில் இதயம் நின்றது. வற்றிய தொட்டியில் பம்பை ஓட்டி என்ன பயன்? ஆகவே மூழ்கியவருக்கு முதல் மருந்து காற்று. பிறகுதான் அமுக்குவது.

வயிற்றை அமுக்கித் தண்ணி எடுக்கிறோமே, அது? அது நுரையீரல் தண்ணி இல்லை, பெரும்பாலும் வயிற்றுக்குள் குடித்த தண்ணி. நுரையீரலுக்குள் போவது பலருக்கும் நாம் நினைப்பதைவிடக் கொஞ்சம்தான். அதை வெளியே எடுத்துவிட்டுத்தான் காற்று கொடுக்க வேண்டும் என்று ஒன்றும் இல்லை. வயிற்றை அமுக்கினால் சாப்பிட்ட சோறும் சேர்ந்து மேலே வந்து மூச்சுக்குழாய்க்குள் இறங்கும். நாங்கள் அன்றைக்கு "இன்னும் அமுக்கு" என்று கத்தியது எதற்கு என்று இப்போது தெரிகிறது. அந்த 'ஹக்' என்ற இழுப்பும் மூச்சு இல்லை. இதயம் நின்ற உடம்பு கொஞ்ச நேரம் அப்படி இழுக்கும். அதைப் பார்த்து உயிர் வந்துவிட்டது என்று கையைக் கட்டிக்கொண்டு நிற்பதுதான் பெரிய ஆபத்து.

இனி என்ன செய்ய வேண்டும் என்பதைக் கவனமாகப் படியுங்கள். மேலே தூக்கியதும் கெட்டியான தரையில் மல்லாக்கப் படுக்க வையுங்கள். தோளைத் தட்டிக் கூப்பிடுங்கள். பதில் இல்லையென்றால் நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பத்து விநாடிக்குள் பார்த்துவிடுங்கள். ஒருத்தனை 108க்குப் பேசச் சொல்லுங்கள். இன்னொருத்தனை மெயின் ரோட்டுக்கு விரட்டுங்கள், வண்டிக்கு எந்தத் தோட்டத்துக் கிணறு என்று எப்படித் தெரியும்? நீங்கள் நகரக் கூடாது. மூச்சு இல்லையா, நெற்றியில் ஒரு கை வைத்துத் தலையைப் பின்னால் சாய்த்து, மற்றக் கையின் விரல்களால் தாடையைத் தூக்குங்கள். அப்போதுதான் உள்ளே அடைத்திருக்கும் நாக்கு விலகி வழி திறக்கும். மூக்கைப் பொத்தி, உங்கள் வாயால் அவர் வாயை முழுக்க மூடி, நெஞ்சு உயர்வது கண்ணில் தெரிகிற மாதிரி ஊதுங்கள். அப்படி அஞ்சு தடவை. ஐரோப்பிய வழிகாட்டுதலில் ஐந்து, அமெரிக்க வழிகாட்டுதலில் இரண்டு. எண்ணிக்கையில் சண்டை வேண்டாம், காற்று முதலில் என்பதில் இருவருக்கும் ஒரே பேச்சுதான்.

அப்புறமும் அசைவில்லை என்றால் நெஞ்சின் நடுவில் உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்து, அதன்மேல் மற்றக் கையை வைத்து, முழங்கை மடங்காமல் அஞ்சு சென்டிமீட்டர் இறங்குமாறு முப்பது அமுக்கு. நிமிஷத்துக்கு 100 முதல் 120 வேகம். பிறகு இரண்டு ஊதல். மறுபடியும் முப்பது, இரண்டு. சின்னப் பிள்ளை என்றால் ஒரு கை போதும், நெஞ்சின் ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கு இறங்கினால் சரி. வாயில் நுரை வந்துகொண்டே இருக்கும், அதைத் துடைத்துக்கொண்டே உட்காராதீர்கள், அதோடேயே ஊதுங்கள். வாந்தி வந்தால் மட்டும் உடம்பைப் பக்கவாட்டில் புரட்டி, விரலால் வழித்துவிட்டுத் தொடருங்கள். இரண்டு நிமிஷத்தில் கை ஓய்ந்துவிடும், ஆள் மாற்றிக்கொள்ளுங்கள். வண்டி வரும் வரை, இல்லை அவராக மூச்சு விடும் வரை நிறுத்தக் கூடாது. மூச்சு வந்துவிட்டால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். எழுந்து உட்கார்ந்து "எனக்கு ஒண்ணுமில்ல" என்று அவர் சிரித்தாலும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். இருமலும் மூச்சுத் திணறலும் சில மணி நேரம் கழித்து மோசமாகலாம்.

எங்கள் ஊர்ப் பெரியவர்களை நான் குறை சொல்வதாக யாரும் நினைக்க வேண்டாம். வெள்ளைக்காரனும் இதையெல்லாம் செய்து பார்த்தவன்தான். 1767இல் ஹாலந்து நாட்டின் ஆம்ஸ்டர்டாமில், வாய்க்கால்களில் விழுகிறவர்களைக் காப்பாற்றவே ஒரு சங்கம் தொடங்கினார்கள். அவர்கள் சொன்ன வைத்தியத்தில் வாயில் ஊதுவதும் இருந்தது, கூடவே புகையிலைப் புகையைப் பின்புறத் துவாரம் வழியாகத் துருத்தியால் ஏற்றுவதும் இருந்தது! (சிரிக்காதீர்கள், லண்டனில் தேம்ஸ் நதிக்கரையில் இதற்கென்று பெட்டியே வைத்திருந்தார்கள்.) பீப்பாயின் மேல் போட்டு உருட்டினார்கள். அதுவும் நம்ம ஊர்த் தோளில் போட்டு ஓட்டுகிற கதைதான். அவர்கள் செய்து பார்த்து, பலன் இல்லை என்று கண்டு, விட்டுவிட்டார்கள். நமக்கு இன்னும் யாரும் வந்து சொல்லவில்லை. வித்தியாசம் அவ்வளவே.

சரி, நெஞ்சை அமுக்குவதைக் கண்டுபிடித்தது யார் தெரியுமா? டாக்டர் மட்டும் இல்லை. எலெக்ட்ரிகல் பிரிவுத் தோழர்கள் காலரைத் தூக்கி விட்டுக்கொள்ளலாம். அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் வில்லியம் கௌவன்ஹோவன் என்ற எலெக்ட்ரிகல் இன்ஜினீயர். மின்சாரக் கம்பெனிகளின் லைன்மேன்கள் ஷாக் அடித்துச் சாவதைத் தடுக்க என்ன வழி என்று ஆராயத் தொடங்கியவர். அவரிடம் ஆராய்ச்சி மாணவராக இருந்த கை நிக்கர்பாக்கரும் எலெக்ட்ரிகல்தான். நாயின் நெஞ்சில் ஷாக் கொடுக்கும் தகடுகளை அழுத்தி வைத்தபோது, கரண்ட் விடுவதற்கு முன்பே அதன் ரத்த அழுத்தம் ஏறுவதை அவர் கவனித்தார். அதைப் பிடித்துக்கொண்டு, ஜேம்ஸ் ஜூட் என்ற அறுவை சிகிச்சை டாக்டரோடு சேர்ந்து மூவரும் 1960இல் கட்டுரை எழுதினார்கள். வாயில் ஊதும் காற்றே ஒரு மனிதனுக்குப் போதும் என்பதை அதே 1950களில் பீட்டர் சாஃபர், ஜேம்ஸ் ஈலம் என்ற இரண்டு டாக்டர்கள் நிரூபித்திருந்தார்கள்.

அந்த ரப்பர் பொம்மைக்கும் ஒரு கதை உண்டு. அதைச் செய்தவர் நார்வே நாட்டில் பொம்மைக் கம்பெனி நடத்திய ஆஸ்முண்ட் லேர்டால். அவருடைய இரண்டு வயது மகன் தண்ணீரில் விழுந்து கிடந்தபோது அவரே தூக்கிக் காப்பாற்றியிருக்கிறார். சில வருஷம் கழித்து, பழகுவதற்கு ஒரு பொம்மை செய்து தர முடியுமா என்று டாக்டர்கள் கேட்டபோது, அவருக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. 1960இல் பொம்மை வந்தது. அதன் முகம், பாரிஸில் சீன் நதியில் மூழ்கி இறந்த, பெயர் தெரியாத ஒரு பெண்ணின் முகம் என்று சொல்லப்படும் அச்சில் இருந்து எடுத்தது. தண்ணீரில் போன ஒருத்தியின் முகத்தில்தான் உலகம் முழுக்க ஊதிப் பழகுகிறார்கள்.

இந்த இடத்தில் ஒரு நண்பன் என்னை மடக்கினான். "நார்வேயில ஒருத்தி ஒரு மணி நேரத்துக்கு மேல தண்ணிக்குள்ள கிடந்து பிழைச்சிருக்காளேடா" என்றான். உண்மைதான். 1999 மே மாதம் அன்னா போகன்ஹோல்ம் என்ற இளம் டாக்டர் பனிச்சறுக்கின்போது தலைகுப்புற விழுந்து, உறைந்த ஓடையின் பனிக்கட்டிக்கு அடியில் மாட்டிக்கொண்டார். வெளியே எடுக்க 80 நிமிஷம் ஆனது. ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது உடம்பின் சூடு 13.7 டிகிரி. நமக்கு 37 இருக்க வேண்டும். ரத்தத்தை வெளியே எடுத்து இயந்திரத்தில் சூடாக்கி உள்ளே செலுத்திப் பிழைக்க வைத்தார்கள். பிறகு அதே ஆஸ்பத்திரியில் அவர் வேலையும் பார்த்தார்! ஆனால் அவர் பிழைத்த சூட்சுமம் என்ன? பனிக்கு அடியில் இருந்த ஒரு காற்று இடைவெளியில் சுமார் 40 நிமிஷம் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். இதயம் நிற்பதற்கு முன்பே உடம்பு நன்றாகக் குளிர்ந்துபோய்விட்டது. குளிர்ந்த மூளைக்கு ஆக்சிஜன் தேவை மிகக் குறைவு. ஃபிரிட்ஜில் வைத்த பால் மாதிரி. பனிக்கட்டியில் இருந்து எடுத்த நிமிஷம் முதல் ஆஸ்பத்திரி வரை விடாமல் ஊதி, அமுக்கிக்கொண்டும் வந்தார்கள்.

நம் ஊர்க் கிணற்றுத் தண்ணி எவ்வளவு ஜில்லென்று இருந்தாலும் அது நார்வே பனி இல்லை. இங்கே மூளை சூடாகவே இருக்கும், நாலைந்து நிமிஷத்தில் கெட ஆரம்பித்துவிடும். நார்வேக்காரனுக்குக் குளிர் கொடுத்த அவகாசம் நமக்குக் கிடையாது. ஆம்புலன்ஸ் எவ்வளவு வேகமாக வந்தாலும் அந்த நாலு நிமிஷத்துக்குள் எங்கள் தோட்டத்துக்கு வராது. அதை நான் குறையாகச் சொல்லவில்லை. 2008இல் 108 வந்த பிறகு எத்தனையோ பேர் பிழைத்திருக்கிறார்கள். ஆனால் அந்த நாலு நிமிஷம் கிணற்றடியில் நிற்கிறவனுடையது. (குளிர் நமக்கு வேலையே இல்லை என்றும் நினைக்காதீர்கள். மார்கழி ராத்திரியில் மலை ஓடையில் இருந்து தூக்கிய ஆளின் ஈரத்துணியைக் கழற்றி, துடைத்து, உலர்ந்த போர்வையால் சுற்றுங்கள். கை காலைப் போட்டுத் தேய்ப்பதும், சூட்டுக்கு என்று பிராந்தி ஊற்றுவதும் கெடுதல்.)

அடுத்தது, கூடவே குதிக்கிறவர்கள். 2022 ஜூன் 5ஆம் தேதி கடலூர் மாவட்டம் நெல்லிக்குப்பம் பக்கத்தில் குச்சிப்பாளையத்தில், கெடிலம் ஆற்றில் குளிக்கப் போன ஏழு பேர் இறந்தார்கள். 2023 பிப்ரவரி 15ஆம் தேதி விளையாட்டுப் போட்டிக்கு வந்த இடத்தில், கரூர் மாவட்டம் மாயனூர் காவிரியில் புதுக்கோட்டை மாவட்டத்துப் பள்ளி மாணவிகள் நாலு பேர். இரண்டு இடத்திலும் தண்ணியில் சிக்கியவரைக் காப்பாற்றப் போனவர்களும் சேர்ந்தே போனார்கள். இரண்டு இடத்திலும் இறந்தவர்கள் எல்லோரும் பெண்கள், சிறுமிகள். இதை நம் தோழியர் கொஞ்சம் யோசிக்க வேண்டும், நாமும் யோசிக்க வேண்டும். என் முதுகில் எண்ணெய் கேனைக் கட்டிய அப்பா, என் தங்கச்சி முதுகில் ஏன் கட்டவில்லை? கேட்டேன். "பொம்பளப் பிள்ள கிணத்துல குதிக்கிறதாக்கும்" என்றார். தண்ணிக்கு ஆம்பளை பொம்பளை தெரியாதே.

நீச்சல் தெரியாதவர் குதிக்கவே கூடாது. தெரிந்தவரும் கடைசியில்தான் குதிக்க வேண்டும். மூழ்குகிறவன் பிடித்தால் விட மாட்டான், ரெண்டு பேரும் உள்ளே போவீர்கள். சேலை, வேட்டி, கமலைக் கயிறு, மூங்கில் கழி, மூடி போட்ட காலி கேன், லாரி ட்யூப் என்று கைக்கு எட்டியதை முதலில் வீசுங்கள். படுத்துக்கொண்டு நீட்டுங்கள். மோட்டார் ஓடுகிற கிணறு என்றால் மெயினை அணைத்துவிட்டு இறங்குங்கள். ரொம்ப நாள் புழங்காத பாழுங்கிணற்றில் விஷக்காற்று இருக்கும், அங்கே 101க்குப் பேசித் தீயணைப்பு வீரர்கள் வரட்டும். நம் பக்கத்தில் இன்னொன்றும் உண்டு. மலையில் பெய்கிற மழை கீழே இருக்கிறவனுக்குத் தெரியாது. 2015 மே மாதம் சதுரகிரிக்கு வந்தவர்கள் தாணிப்பாறையில் திடீர் வெள்ளத்தில் அடித்துப் போய் இறந்தது எங்கள் ஊர்க்காரர்களுக்கு மறக்காது. செண்பகத்தோப்புக்கும் அய்யனார் அருவிக்கும் கிளாஸைக் கட் அடித்துவிட்டுப் போகிற அன்பர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். தண்ணி நிறம் மாறி, செத்தை மிதந்து வந்தால், துணியைக்கூட எடுக்காமல் கரையேறுங்கள்.

ஆண்டுக்கு முப்பதாயிரம் பேருக்கு மேல் இந்தியாவில் தண்ணீரில் மூழ்கிச் சாகிறார்கள் என்று அரசாங்கக் கணக்கே சொல்கிறது. 2021இல் ஐக்கிய நாடுகள் சபை ஜூலை 25ஆம் தேதியை இதற்கென்றே ஒரு நாளாக அறிவித்தது. நம் கல்லூரியில் எத்தனையோ தினம் கொண்டாடுகிறோம், இந்த ஒரு தினம் நம் காலண்டரில் இல்லை.

இதையெல்லாம் நான் விடுதியில் பேசியபோது ஒரு கேள்வி வந்தது. எழுதுவதா வேண்டாமா என்று யோசித்தேன், எழுதிவிடுகிறேன். "யார்னு தெரியாதவன் வாயில எப்படிடா வாய் வைக்கிறது?" என்று ஒருவன் கேட்டான். நோய் பயம் என்றால் நியாயம். மெல்லிய துணி வைத்தாவது ஊதலாம், மனசே வரவில்லையா, அமுக்கவாவது செய், ஒன்றும் செய்யாமல் நிற்பதைவிட அது மேல். ஆனால் அவன் 'யார்னு தெரியாதவன்' என்று சொன்னது நோய்க்காக மட்டும் இல்லை என்று அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கும் தெரியும். யார் எந்தக் கிணற்றில் இறங்கலாம் என்று ஒரு காலத்தில் கட்டுப்பாடு வைத்த ஜில்லாவில்தான் நாம் பிறந்திருக்கிறோம். என் சித்தி மகனைத் தூக்கிய மாமா எங்கள் சாதி இல்லை. குதிக்கும்போது அவர் கேட்கவும் இல்லை. பொண்ணு நெஞ்சில் கை வைப்பதா என்று தயங்குகிறவர்களுக்கும் இதேதான் என் பதில்.

இப்போது பேரவைக்கு என் கோரிக்கை. வருகிற ஆண்டில் கலைவிழாவுக்கு ஒரு ஸ்பீக்கர் செட்டைக் குறைத்துக்கொண்டு, பழகும் பொம்மை ஒன்று வாங்க வேண்டும். முதலாம் ஆண்டு மாணவர் ஒவ்வொருவரும், ஆணும் பெண்ணும், அந்த 'டிக்' சத்தம் வரும் வரை அமுக்கி, நெஞ்சு உயரும் வரை ஊதிப் பார்க்க வேண்டும். வேடிக்கை பார்ப்பது கணக்கில் வராது, நான் வேடிக்கை பார்த்தவன், எனக்குத் தெரியும். நம்மில் முக்கால்வாசிப் பேர் கிராமத்துப் பிள்ளைகள். வீட்டில் முதல் படிப்பாளிகள். ஊரில் ஒன்று என்றால் "படிச்ச பய சொல்லட்டும்" என்று நம் முகத்தைத்தான் பார்ப்பார்கள்.

என் அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. போன தீபாவளி லீவில் தலையணையை வைத்துச் சொல்லிக் கொடுத்தேன். முப்பது வரை எண்ணுவதில் அம்மாவுக்கு ஒரு சிரமமும் இல்லை, நாற்றுக்கட்டு எண்ணிப் பழகிய வாய். இரண்டு நாள் கழித்துப் பக்கத்து வீட்டு அத்தைக்குத் தலையணையோடு பாடம் நடந்துகொண்டிருந்தது. சித்தி திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் பேசவில்லை. அத்தை தப்பாகக் கையை வைத்தபோது, எழுந்து வந்து சரியான இடத்தில் நகர்த்தி வைத்துவிட்டுப் போனார்.

தலையணை போதாது என்பதால் இன்னொரு யோசனையும் இருக்கிறது. பேரவையில் பணம் இல்லை என்று பொருளாளர் அண்ணன் சொல்வார், அவர் எப்போதும் அதைத்தான் சொல்வார். அப்படியானால் நாமே செய்வோம். ஒர்க்ஷாப் இருக்கிறது, ஃபைனல் இயர் ப்ராஜெக்டுக்குத் தலைப்பு இல்லாமல் அலைகிறவர்களும் இருக்கிறார்கள். 50 மில்லிமீட்டர் அமுங்கச் சுமார் 450 நியூட்டன், அதாவது மில்லிமீட்டருக்கு 9 நியூட்டன் வருகிற மாதிரி ஒரு காயில் ஸ்பிரிங் வேண்டும். ராஜபாளையத்தில் பழைய இரும்புக் கடையில் இரண்டு பார்த்து வைத்திருக்கிறேன். நுரையீரலுக்கு ஃபுட்பால் பிளாடர் போதும். தோலுக்கு சைக்கிள் ட்யூப். கழுத்துதான் இன்னும் பிடிபடவில்லை. தலையைச் சாய்த்தால் மட்டும் காற்று உள்ளே போக வேண்டும், நேராக இருந்தால் குழாய் மடங்கி அடைக்க வேண்டும். மூன்று டிராயிங் போட்டேன், மூன்றிலும் காற்று கசிகிறது. மூட்டு, வால்வு இரண்டிலும் கெட்டிக்காரர்கள் யாராவது இருந்தால் மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு, ஜன்னலோரக் கடைசி பெஞ்சுக்கு வாருங்கள். டிராயிங் அங்கேதான் இருக்கிறது.